கட்டிலுக்கு அடியில் இருபது லிட்டர்

நர்மதா விசில் ஊதினால் நாற்பது டன் தூக்கும் கிரேன் நிற்கும். காட்டுப்பள்ளிக்குப் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவள் பாதுகாப்பு அதிகாரி. பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது அதற்குக் கீழே எவனாவது செல்போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஒரு விசில். கிரேன்காரர் கையை எடுத்துவிடுவார். லாரிக்காரர் எஞ்சினை அணைப்பார். நடந்தவன் ஹெல்மெட் இருக்கிறதா என்று தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வான். இருபத்தேழு வயது, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரம். அவள் காதுபடவே ‘விசில் மேடம்’ என்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கேனை அவளால் நான்கு நாளாக நகர்த்த முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இறங்கி, குப்பத்துச் சந்துக்குள் நுழைந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அண்ணன் ரஞ்சித்தின் பைக் ஸ்டாண்டில் நின்றது. அப்பா கோதண்டம் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேங்க்குக்குள் விட்ட ரப்பர் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு வெள்ளை கேன். சமையல் எண்ணெய் வந்த கேன், இருபது லிட்டர் பிடிக்கும்.

“நைனா, இன்னா பண்ற?”

கோதண்டம் குழாயை கேனுக்குள் செருகிவிட்டுப் பக்கவாட்டில் காறித் துப்பினார். “பாத்தா தெர்ல? பெட்ரோலு எடுத்துக்கினு கீறேன்.”

“வாயாலயா?”

“பின்ன மூக்காலயா எடுப்பாங்க?”

ரஞ்சித் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான். “பங்க்ல கேனுக்கு ஊத்த மாட்டேன்றான் நம்மு. அதான் பைக்ல ரொப்பி ரொப்பி கொணாந்துகினு கீறேன். இது மூணாவது டிரிப்பு.”

“ஏன் ஊத்த மாட்டேன்றான்னு யோசிச்சியாண்ணா?”

“அவனுக்குத் திமிரு.”

வேனுக்காகத்தான் அந்த பெட்ரோல். ரஞ்சித் ஆறு மாதத்துக்கு முன் ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடி ஓய்ந்த வண்டி. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டில் ஒரு கட்டில் அடித்து, மேலே ரெக்சின் மெத்தை போட்டான். கட்டிலுக்கு எதிரே ஒரு பலகை, அதில் ஒற்றை பர்னர் அடுப்பும் சின்ன சிலிண்டரும். ஜன்னலுக்கு மோகனப்ரியா, அவன் மனைவி, பூப்போட்ட திரை தைத்துக் கொடுத்தாள். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவன் திட்டம். இணையத்தில் அதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் ஓட்டம் மட்டும் வீட்டு ஆட்களோடு, திருச்செந்தூருக்கு. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தது.

கேன் எங்கே போகப் போகிறது என்று நர்மதா கேட்டாள்.

“கட்டிலுக்கு அடியில,” என்றார் கோதண்டம். “நடுவுல வெச்சாதான் வண்டி ஆடாது.”

கட்டிலின் மேல் படுக்கப்போவது ரஞ்சித்தின் நான்கு வயது மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா.

அன்றிரவே நர்மதா ஆரம்பித்துவிட்டாள். பெட்ரோல் டீசல் மாதிரி கிடையாது, அது மூடியிருந்தாலும் ஆவியாகும், அந்த ஆவி காற்றைவிட கனம், மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும், மூடின வண்டிக்குள் வைக்கவே கூடாது, அடுப்பைப் பற்றவைத்தால் முடிந்தது. யார்டில் இதையே சொன்னால் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். இங்கே அப்பா வஞ்சிரக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“போட்டுல ரெண்டாயிரம் லிட்டர் எண்ணைக்கி மேல படுத்துத் தூங்கினவன் நானு,” என்றார். “அதுக்குப் பக்கத்துலயே ஸ்டவ் எரியும். சோறு ஆக்குவோம், நண்டு சுடுவோம். வெடிச்சிப் போயிட்டனா?”

“அது டீசல் நைனா.”

“இன்னாவோ ஒண்ணு. எரியறதெல்லாம் எண்ணைதான்.”

கோதண்டம் முப்பத்தோரு வருடம் காசிமேட்டில் படகு ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோய் மூன்று வருடமாகக் கரையில் இருக்கிறார். படகில் உபரி எண்ணெயை கேனில் கழுத்துவரை நிரப்புவார்கள். காலி இடம் இருந்தால் எண்ணெய் அலைமோதும், கேன் உருளும், உருண்டால் ஆளின் காலை உடைக்கும். அதனால் தளும்பத் தளும்ப ஊற்றி, மூடிக்குக் கீழே துணியைச் சுற்றி இறுக்குவது வழக்கம். அதே கையால்தான் இந்த கேனையும் நிரப்பினார். மூடிக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இடம் விடவில்லை. பழைய லுங்கியில் ஒரு கிழிசல் எடுத்துச் சுற்றி, இரண்டு கையாலும் திருகி மூடினார்.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நர்மதா. பி.எஸ்.சி. வேதியியல். அதற்குப் பிறகு ஒரு வருடம் தீ மற்றும் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமா. பட்டமளிப்பு விழாவுக்குக் கோதண்டம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கறுப்பு அங்கியோடு நின்ற அவளைக் காட்டி, பக்கத்து இருக்கைக்காரரிடம் “எம் பொண்ணுதான், எல்லாம் அதுவே படிச்சிது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் படிப்பு எதைப்பற்றி என்று இன்றுவரை கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மெழுகுவர்த்தி ஏன் எரிகிறது என்று வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை யார்டு ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு, கேஸ் அளக்கும் கருவி ஒன்றைத் திங்கட்கிழமை திருப்பித் தருவதாக வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி. காற்றில் தீப்பிடிக்கிற ஆவி ஓர் அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மின்னி, காது கிழியக் கத்தும். வேன் பகலெல்லாம் வெயிலில் மூடிக் கிடந்தது. அப்பாவையும் அண்ணனையும் கூப்பிட்டு நிற்கவைத்து, கதவைத் திறந்து, கருவியைக் கட்டிலுக்கு அடியில் தரையோரமாக நீட்டினாள். அது கத்தியது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

“கேட்டுச்சா?” என்றாள். “சாதாரணக் காத்துல இது கத்தாது.”

ரஞ்சித்தின் முகம் கொஞ்சம் மாறியது. கோதண்டம் கையை நீட்டி, “குடு பாப்போம்,” என்றார். வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து, கடலோரத்தில் கொட்டியிருக்கும் கருங்கற்கள்மீது போய் நின்றார். அங்கே பீடியைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, புகையைக் கருவியின்மேல் ஊதினார். அது அதே குரலில் கத்தியது.

திரும்பி வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “தோ பார். பீடிக்கும் கத்துது. அப்ப நானும் வெடிச்சிடுவனா?”

“நைனா, அது வேற. புகையில கார்பன் மோனாக்ஸைடு கீது. இதுல நாலு சென்சார்...”

“நாலோ நாப்பதோ. பயந்தாங்கொள்ளி மிசினு.”

ரஞ்சித் சிரித்துவிட்டான். அதோடு அந்தச் சோதனை முடிந்தது. நான்கு சென்சாரையும் விளக்குகிற பொறுமை அவளுக்கும் இல்லை, கேட்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை.

அந்த ஊரில் நாற்றத்தைச் சொல்லி யாரையும் பயமுறுத்த முடியாது. மேற்கே ஆலைகள் இருக்கும் பக்கமிருந்து காற்றடித்தால் ஒரு வாடை, வடக்கிலிருந்து அடித்தால் வேறொரு வாடை. கண் எரிந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். வேனுக்குள் பெட்ரோல் நாறுகிறது என்று நர்மதா சொன்னபோது அம்மா குணசுந்தரி, “அது வெளியில இருந்து வருதுடி,” என்றாள். அம்மா பொய் சொல்லவில்லை. அவள் மூக்கில் இரண்டும் ஒன்றுதான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சொல்லி அலுத்துப்போன நர்மதா, செய்து காட்டுவோம் என்று தண்டையார்பேட்டையில் மதார் சாகிப்பின் வெல்டிங் பட்டறைக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனாள். பின்பக்கக் கதவுக்கு அருகே, வண்டிக்கு வெளியே, கேன் உட்காருகிற மாதிரி ஒரு இரும்புத் தாங்கி வேண்டும், பூட்டு மாட்டுகிற வளையத்தோடு. உள்ளே வைக்காமல் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மதார் சாகிப் அளவெடுத்தார். ஆள் கொஞ்சம் பேச்சுக்காரர்.

“எதுக்கும்மா இத்தினி பெட்ரோலு? திருச்செந்தூருக்குத்தானே போறீங்க, தாரு பாலைவனத்துக்கா?”

“எங்க நைனாவுக்கு வேணுமாம்.”

“எதுக்காம்?”

“புடிவாதம்,” என்றாள்.

“அத்த பத்தவைக்க முடியாது. தாங்கி பத்தவைக்கிறேன்,” என்று கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். பற்றவைப்பதற்கு முன்னால், வண்டிக்குள் எண்ணெய் கிண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். கேனை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். இந்த ஒரு கேள்வியை வீட்டில் ஒரு ஆளாவது கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

தாங்கி அழகாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தபோது அதில் குடிதண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது, பூட்டோடு. பெட்ரோல் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்.

“வெளிய வெச்சா எவனாவது அட்ச்சிகினு பூடுவான்,” என்றார் கோதண்டம்.

“அதுக்குத்தானே நைனா பூட்டு?”

“பூட்டோட தூக்கிகினு பூடுவான். தண்ணின்னா எவனும் தொட மாட்டான். ஆனா தாங்கி சூப்பரா கீதுமா. கரெக்டா குந்துது.”

அவர் உண்மையாகவே பாராட்டினார். நர்மதா குளிக்கப் போனாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். யார்டில் பீகார் பையனுக்குப் புரிகிறது, ஒடிசா பையனுக்குப் புரிகிறது. இந்தி அவளுக்கு அரைகுறை, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, ஆனாலும் புரிகிறது. தன் சொந்த பாஷையில், தான் பிறந்த வீட்டில் ஏன் புரியவில்லை? ஒருவேளை அங்கே புரிவது அவள் பேச்சாகவே இல்லாமல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையாக இருக்குமோ? அட்டையைக் கழற்றிவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம்?

பத்தரை மணிக்குப் பூஜை. கத்திரி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. சந்து அகலம் போதாது என்று வேனை நெடுஞ்சாலை ஓரத்து வெட்டவெளியில் நிறுத்தி, காலை ஆறு மணியிலிருந்து கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள், தெருப்பிள்ளைகள் ஏறிவிடக் கூடாதென்று. முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம், பம்பரில் சாமந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பதற்கு முன், வண்டிக்குள் அடுப்புப் பலகையின்மேல் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது குணசுந்தரியின் ஏற்பாடு. பாப்பா புதுப் பாவாடையோடு பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்மதா ஈரத்தலையில் துண்டோடு சந்திலிருந்து வெளியே வந்தாள். முதலில் அடித்த வாடையை அவளும் காற்று என்றே நினைத்தாள். அதை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. நான்கு நாளாகக் கத்தியவள், அந்த நேரத்தில் மேற்கே ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தாள். வேனின் பக்கக் கதவு ஓடுகிற தண்டவாளத்திலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடம் சூடான தாரில் கறுப்பாக விரிந்து, ஓரங்களில் உடனுக்குடன் காய்ந்தது. ரஞ்சித் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தான். அம்மா கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். தட்டில் சுடர் நிமிர்ந்து நின்றது. கதவுக்கும் சுடருக்கும் நடுவில் பத்து அடி.

விசில் கையிலிருந்த சாவிக்கொத்தில் இருந்தது. எப்படி வாய்க்குப் போனது என்று அவளுக்கு நினைவில்லை.

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த லாரிகூட பிரேக் அடித்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். நர்மதா ஓடிவந்து அம்மாவின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, எதிர்ப்பக்கம் இருபது அடி நடந்து, மணலில் கவிழ்த்து, செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள்.

பிறகு குணசுந்தரி, “சாமி கற்பூரத்த மிதிச்சிட்டியேடி,” என்றாள். சத்தமே இல்லை. அதுதான் மோசம்.

“எம்மா, கீழ பாரு. பெட்ரோலு ஒழுகுது.”

“மொதல் பூசைக்கே,” என்று கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். “படிச்ச பொண்ணு வேற.”

“எல்லாரும் தள்ளிப் போங்க. அண்ணா, கதவத் தொறந்து வுட்டுட்டு நீயும் வா. சாவியத் திருப்பாத. யாரும் லைட்டரு, போனு எதுவும் எடுக்காதீங்க.”

இந்தக் குரலுக்கு அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். முறைத்துக்கொண்டே கீழ்ப்படிந்தார்கள். காற்று நன்றாகப் போகட்டும் என்று அரைமணி நேரம் வெயிலில் நிற்கவைத்தாள். பிறகு கோதண்டம் யாரையும் கேட்காமல் போய் மெத்தையைத் தூக்கினார். அடிப்பக்கம் நனைந்து கனத்தது. கேனை வெளியே இழுத்து மணலில் வைத்தார். அதன் பக்கங்கள் நிறைமாதக்காரி வயிறு மாதிரி உப்பியிருந்தன. மூடியைச் சுற்றி இறுக்கிய லுங்கித் துணி பிழியலாம் போல ஊறிக் கிடந்தது. அவர் விரலால் தொட்டு, விரலை மோந்து பார்த்தார்.

“ரொப்பித்தானே வெச்சேன்,” என்றார்.

“ரொப்பினதாலதான் நைனா. சூடாச்சின்னா பெட்ரோலு பெருசாவும். நீ எடமே வுடல, அது எங்க போவும்? கடல்ல காத்து அடிக்கும், அது டீசலு. இது மூடின டப்பா.”

அவர் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நர்மதா நினைத்த நேரத்தில் குணசுந்தரி குறுக்கே வந்தாள்.

“இன்னிக்கு யாரும் கெளம்ப வாணாம். கற்பூரம் அணைஞ்சிடிச்சி. சகுனம் சரியில்ல.”

“எம்மா, சகுனத்துக்காக இல்ல. வண்டி காயணும், ஆவி போவணும், அதுக்காக...”

“எதுக்கோ ஒண்ணுக்கு. போவல.”

ஆக, கேன் வெளியே வந்துவிட்டது. பாப்பா பத்திரமாக இருந்தாள். பயணம் நின்றுவிட்டது. ஆனால் குப்பம் முழுக்கப் பேச்சு வேறாக இருந்தது: கோதண்டம் வீட்டுப் பெண் சாமி கற்பூரத்தைக் காலால் மிதித்தாள். மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு அத்தை, “ஆபீசு விசில சாமிகிட்டயும் ஊதுறியாமே,” என்று கேட்டாள். நர்மதா குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் கருங்கற்கள்மேல் போய் உட்கார்ந்தாள். யார்டில் ஒவ்வொரு விபத்துக்கும் அவள் ஒரு படிவம் நிரப்புவாள். அதில் ‘ஏன்?’ என்று ஐந்து கட்டங்கள் உண்டு. கன்டெய்னர் ஏன் சாய்ந்தது? கொக்கி சரியாக மாட்டவில்லை. ஏன் மாட்டவில்லை? அப்படியே ஐந்து தடவை கீழே போனால்தான் உண்மையான காரணம் கிடைக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. கேன் ஏன் வேனுக்குள் இருந்தது? அப்பா வைத்தார். அப்பா ஏன் வைத்தார்? பிடிவாதம். இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிட்டாள். யார்டில் ஒரு தொழிலாளியைப் பற்றி ‘பிடிவாதம்’ என்று எழுதியிருந்தால் மேலாளர் படிவத்தைத் திருப்பி வீசியிருப்பார்.

ரஞ்சித் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஏண்ணா, நைனா எதுக்கு அந்த கேனப் புடிச்சிகினு தொங்குறாரு?”

“முள்ளு வேல செய்யாதுல்ல.”

“எந்த முள்ளு?”

“பெட்ரோல் முள்ளுதான். வாங்கசொல்லவே பாதியில நிக்கிது. ரொப்பினாலும் பாதி, காலியானாலும் பாதி. தாம்பரம் பக்கம் ஓட்டிப் பாக்கசொல்ல ஒரு தபா நடுரோட்டுல நின்னுட்டேன். நைனாகிட்ட சொன்னேன். அப்பாலதான் கேனு.”

நர்மதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவேயில்லியே. வந்ததுல இருந்து தரையில தேங்கும், வெடிக்கும்னு நீயேதான் பேசிக்கினு கீற.”

அப்பாவின் பழைய கதை ஒன்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நெல்லூர் பக்கம் கடலில் எண்ணெய் தீர்ந்து ஒன்றரை நாள் மிதந்தது, நான்கு பேர் ஒரு தேங்காயைப் பங்குபோட்டது, காக்கிநாடா படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. தேங்காய் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எண்ணெய் ஏன் தீர்ந்தது என்ற இடத்தில் யாரும் நிற்பதில்லை. கிளம்பும்போது டேங்க்கில் அளவுக் குச்சி விட்டுப் பார்த்தது வேறொரு ஆள். ‘நிறைய இருக்கு’ என்று அவன் சொன்னதை நம்பிக் கோதண்டம் படகை எடுத்தார். அதற்குப் பிறகு அடுத்தவன் சொன்ன அளவை அவர் நம்பியதில்லை. வேன் டேங்க்கில் குச்சி விடவும் வழியில்லை.

திங்கட்கிழமை கருவியை யார்டில் ஒப்படைத்துவிட்டு நர்மதா வந்தாள். பயணத்துக்காக எடுத்திருந்த நான்கு நாள் விடுமுறையில் ஒரு நாள் அதோடு போனது. அதற்குள் ரஞ்சித் வேனைக் கொருக்குப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போயிருந்தான். டேங்க்கை இறக்கி, உள்ளே அளவு காட்டுகிற மிதவையை மாற்றினார்கள். மூன்று மணி நேர வேலை. ஆறு மாதமாகச் செய்யாமல் இருந்த வேலை.

மாலையில் வெட்டவெளியில் வைத்து, கேனிலிருந்த பெட்ரோலைப் புனல் வழியாக வண்டி டேங்க்கிலேயே ஊற்றினார் கோதண்டம். எஞ்சின் அணைந்திருந்தது, பீடி வீட்டில் இருந்தது. முடித்து மூடியதும் ரஞ்சித் சாவியைப் பாதி திருப்பினான். கோதண்டம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முள் மெதுவாக எழுந்து முக்காலில் நிற்பதைப் பார்த்தார்.

“பாத்தியா நைனா?” என்றாள் நர்மதா.

“ம்.”

அவ்வளவுதான். காலி கேனைக் குணசுந்தரி உடனே கைப்பற்றினாள். “கழுவினா தண்ணி புடிக்க ஆவும்.”

“எம்மா, அது பெட்ரோல் கேனு.”

“சோப்பு போட்டுக் கழுவுவேன்டி.”

“எத்தினி சோப்பு போட்டாலும் குடிக்கக் கூடாதும்மா. காலி கேனு உள்ள ஆவி நிக்கும், நெறஞ்ச கேனவிட அதுதான் மோசம்.”

“நெறஞ்சா வெடிக்கும்ன. இப்ப காலியானாலும் வெடிக்கும்ன்ற. அப்ப எப்பதான்டி வெடிக்காது?”

மோகனப்ரியா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நர்மதா கேனைத் திறந்தபடி மாடியில் கொண்டுபோய் வைத்து, அதன் வயிற்றில் கத்தரிக்கோலால் இரண்டு ஓட்டை போட்டாள். அம்மா இரண்டு மணி நேரம் அவளிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். இந்தத் தடவை கற்பூரம் வாசலிலேயே, வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி. குணசுந்தரி தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், மகள் பக்கம் வராதபடி. வெளித்தாங்கியில் தண்ணீர் கேன் பூட்டோடு உட்கார்ந்திருந்தது. ரஞ்சித் ஓட்ட, கோதண்டம் முன்சீட்டில். பின்னால் மூன்று பெண்களும், புதுப் பாய் விரித்த கட்டிலில் பாப்பாவும்.

தாம்பரம் தாண்டியதும் கோதண்டம் ஆரம்பித்தார்.

“ஒண்ணு.”

யாருக்கும் புரியவில்லை.

“ரெண்டு. எதிர்ப்பக்கம்.”

பெட்ரோல் பங்க்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டுக்குள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கி, குரலைத் தாழ்த்தாமல், கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல். மோகனப்ரியா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பாப்பா எழுந்து தானும் எண்ணுகிறேன் என்று ஆறுக்குப் பிறகு ஒன்பது சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

“நைனா, முள்ளுதான் வேல செய்யுதே,” என்றாள் நர்மதா.

“செய்யுது. யாரு இல்லன்னா?”

“பின்ன எதுக்கு எண்ற?”

“சும்மா பாத்துகினு வரேன்.”

அவள் பாப்பாவின் பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். பிளைவுட்டிலிருந்து மெல்லிய வாடை வந்தது. காய்ந்த பெட்ரோலின் மிச்சமா, முன்னால் போகும் லாரியா, தன் மூக்குக்குள்ளேயே தங்கிவிட்டதா? ஜன்னலை முழுதாகத் திறந்தாள். வாடை போனது மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. கருவி யார்டு ஸ்டோரில் அலமாரிக்குள் இருந்தது. அண்ணியிடம் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம், காலை டிபன் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். குணசுந்தரி, “இதுக்கா அடுப்பு வெச்சி வண்டி கட்டினான்?” என்று வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

திண்டிவனம் போனது. எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. தோளைத் தட்டி எழுப்பியது அப்பாவின் கை, முன்சீட்டிலிருந்து பின்னால் நீண்டிருந்தது.

“நம்மு. இருவது நிமிசமா ஒண்ணும் காணோம்.”

“இன்னா காணோம்?”

“பங்க்கு.”

“முள்ளு எங்க நிக்கிது நைனா?”

“அரைக்கு மேல.”

“அப்பால இன்னா?”

“முள்ளுதானே சொல்லுது,” என்றார்.

ரஞ்சித் கண்ணாடியில் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இவ்வளவு தூரம் வந்த பிறகு சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. மிதவை புதுசு. முக்காலில் கிளம்பி அரைக்கு வந்திருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது. அப்பாவின் கை இன்னும் அவள் தோள்மேலேயே இருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன, எண்ணிக்கையை விட்டுவிடாதபடி.

செல்போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தாள். “எட்டு கிலோமீட்டர்ல ஒண்ணு கீது. இடது பக்கம்.”

“போனு சொல்லுதா?”

“போனு சொல்லுது.”

“வந்தா சொல்றேன்,” என்றார் கோதண்டம். கண்ணாடியைக் கீழே இறக்கி, இடப்பக்கமாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டார்.